வாளியில் ஊறிய கப்பல்

உண்மையைச் சொன்னதற்காக வாங்கிய அறையை மன்னிக்கிற பெருந்தன்மை, காரணம் தெரிந்த பிறகும் எனக்கு வரவில்லை. அறைந்தது அம்மா. வாங்கிக்கொடுத்தது மாமா.

1991ஆம் வருஷம், சேரப்பணஞ்சேரி. எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தம்பியான மாமா கடற்படையில், வெள்ளைக்காரன் காலத்துப் போர்க்கப்பல் ஒன்றின் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். அங்கே நீராவிக் குழாய் வெடித்து, அவரோடு ஒன்றாகப் படித்த படப்பைக்காரச் சிநேகிதர் செத்துப்போனார். வால்வை மூடாமல் விட்டது மாமாதான் என்று விசாரணையில் சொன்னார்கள். அந்த இடத்தில் வால்வே கிடையாது என்று மாமா சாதித்தார். கப்பலோ அதற்குள் உடைபட்டு இரும்பு விலைக்குப் போய்விட்டது. மிச்சம் இருக்கக்கூடிய ஒரே சாட்சி, அதைக் கட்டியபோது வரைந்த அசல் படம்.

ஆறு வருஷம் தேடினார். பம்பாய்க்கும் விசாகப்பட்டினத்துக்கும் கடுதாசி போட்டே எங்கள் வீட்டுப் பேனா மையெல்லாம் தீர்ந்தது. கடைசியில் மெட்ராஸில் ஒரு பழைய சாமான் கடையில், கஞ்சி போட்ட துணியில் மையால் வரைந்த அந்தப் படச்சுருள் கிடைத்தது. கட்டைக்கூடப் பிரிக்காமல் பஸ் ஏறி, வழியில் படப்பையில் இறங்கி, செத்தவரின் அப்பாவிடம், காலையில் வந்து உங்கள் கண்ணாலேயே பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். ஆறு வருஷமாக எங்கள் வாசலை மிதிக்காத மனிதர் அவர்.

மறுநாள் அவர் வரும்வரை மாமாவுக்குப் பொறுக்கவில்லை. சுருளைத் தரையில் விரித்து, குழாய்க் கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. வால்வு அங்கேதான் இருந்தது. இது எனக்குத் தெரியவந்தது எத்தனையோ வருஷம் கழித்து. அன்று நான் பார்த்ததெல்லாம், அவர் சுருளை அம்மாவிடம் நீட்டியதைத்தான்.

“யக்கா, இத்த ஊறப் போடு. கஞ்சி போச்சின்னா நல்ல மல்லுத் துணி. பாப்பாக்குப் பாவாட தைக்கலாம்.”

அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். வாளியில் போட்டாள்.

காலையில் படப்பைப் பெரியவர் வந்தபோது வாளித் தண்ணீர் கருத்துப் போயிருந்தது. மாமா குதித்தார் பாருங்கள்! “இன்னாக்கா பண்ணி வெச்சிகிற? ஆறு வருசம் நாயா அலைஞ்சி எட்த்தாந்தேனே!” அம்மா தலையைக் குனிந்துகொண்டு, தெரியாமல் செய்துவிட்டேன் என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செய்யச் சொல்லிவிட்டு அம்மாவையே திட்ட இவர் யார்?

“மாமாதான ஊறப் போட சொல்ச்சி!” என்று கத்தினேன். வாயை மூடுவதற்குள் கன்னத்தில் பளார் என்று விழுந்தது. யாருக்காகப் பேசினேனோ அவளே அடித்தாள்.

பெரியவர் வாளியைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பிறகு என் தலையில் கை வைத்தார்.

“அழாத பாப்பா. நீ சொன்னது என் காதுல வுழுந்திச்சி.”

அம்மா நீட்டிய காபியைத் தொடாமல் பஸ்ஸுக்கு நடந்தார்.

எனக்கு வெற்றி. ஒரு பெரிய மனிதர் என் பக்கம். அழுகையை நிறுத்திவிட்டு, இப்போது என்ன சொல்கிறாய் என்கிற மாதிரி மாமாவை முறைத்தேன். அவர் சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பொய் சொன்னவருக்கு ஒரு அடிகூட விழவில்லையே, இவர் எதற்கு அழுகிறார் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.