வாய் திறக்காத படங்கள்

கனடாவில், பார்க்டேலில் எங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள சந்தியில், மரங்களில் ஓர் இலைகூட இல்லாத ஜனவரியிலும் குருவி கத்தும். வந்த புதிதில் அண்ணாந்து தேடியிருக்கிறேன். குருவி இல்லை, கம்பத்தில் பூட்டிய ஒரு பெட்டி. கண் தெரியாதவர்கள் இனி வீதியைக் கடக்கலாம் என்று அதற்கு அர்த்தம். ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள். ஆனாலும் என் கணவரின் கையைப் பிடித்து அந்தச் சந்தியைக் கடக்க எனக்குப் பயம். யாராவது கண்டுவிட்டால்?

யாழ்ப்பாணத்தில் விழுந்த ஷெல் அவருடைய இரண்டு கண்களையும் கொண்டுபோயிருந்தது. எங்களை அகதிகளாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நிரந்தர வதிவிடப் பத்திரம்தான் வரவில்லை. அதற்கான மருத்துவச் சோதனையும் மிச்சமிருந்தது. "கண் தெரியாத ஆளெண்டால் இழுத்தடிப்பாங்களாம் பிள்ளை, வெளியில காட்டிக்கொள்ளாதேங்கோ" என்று மேல்மாடி அன்ரி சொல்லியிருந்தார். அது உண்மையா என்று யாரிடமும் விசாரிக்கக்கூடப் பயந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கம்பனிகளுக்கு இணையத்தளம் செய்துகொடுக்கும் சிறிய அலுவலகம் ஒன்றில் வேலை செய்தேன். உடுப்புக்கடை ஒன்றுக்கு நான் செய்த பக்கங்களில் எல்லாமே படங்கள். விலையும் படம், வாங்குவதற்கு அழுத்தும் பொத்தானும் படம். பார்வையற்ற ஒருவர் கடைக்கு முறையிட்டிருந்தார். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் அவருடைய கணினி எங்கள் பக்கத்துக்கு வந்ததும் வாயடைத்துப் போகிறதாம்.

முறைப்பாடு வந்த அடுத்த நாள் மேலாளர் டயான் என் மேசைக்கு வந்தார். "நேற்று ட்ராமில் இருந்து உன்னைக் கண்டேன். வெள்ளைத் தடியோடு வந்தவர் உன் கணவரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். "அவரை ஒரு டெஸ்டுக்குக் கூட்டி வருவாயா?"

எனக்குத் தெரிந்த டெஸ்ட் ஒன்றுதான், பத்திரத்துக்கான அந்த மருத்துவச் சோதனை. "எங்களை ஏற்றுக்கொண்ட கடிதம் இருக்கிறது" என்றேன். "கடிதம் எதற்கு? அவர் வந்தால் போதும்" என்று டயான் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னை இன்னும் பயப்படுத்தியது.

வீட்டில் சொன்னபோது இவர் தடியைச் சுவரோடு சாத்தினார். பிறகு, "சோதிக்கிறதுக்கு இனி என்ன கிடக்கு? நான் வாறன். எவ்வளவு காலத்துக்கு ஒளிச்சிருக்கிறது?" என்றார்.

அலுவலகத்துக்குப் போன பிறகுதான் விளங்கியது, சோதனை அவருக்கு அல்ல, என்னுடைய பக்கங்களுக்கு. கணினியின் முன் அவரை இருத்தி, எந்த விசையை அழுத்தவேண்டும் என்று காட்டிக்கொடுத்தார்கள். அவர் அழுத்தினார். "இமேஜ்" என்றது இயந்திரம். மறுபடி அழுத்தினார். "இமேஜ்." அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. அவருடைய நெற்றியில் வியர்வை அரும்பியது.

"என்னப்பா?" என்றேன்.

"இந்தப் பக்கத்துக்குள்ள கனபேர் நிக்கினம் போல கிடக்கு. ஒருத்தரும் கதைக்கினமில்லை."

ஷெல் விழுந்த அன்று ஆஸ்பத்திரி விறாந்தையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். நான் போய்ச் சேரும்வரை, கடந்து போன ஒவ்வொரு காலடிக்கும் "ஆர் நிக்கிறியள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். எல்லோரும் தங்கள் தங்கள் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். யார் பதில் சொல்வது? இப்போது நான் செய்த பக்கத்தின் முன்னால் அதே முகத்தோடு இருந்தார்.

டயான் அவருடைய பெயரைச் சோதனைக் குறிப்பில் எழுதலாமா என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு வேண்டாம் என்றேன். "எழுதச் சொல்லும்" என்றார் இவர்.

ஒவ்வொரு படத்துக்கும் பின்னால், இயந்திரம் வாசிக்க, ஒரு சொல் எழுதினேன். கோட், கையுறை, விலை, வாங்கு. திரும்ப வந்து கேட்ட இவர், "ஓம், இப்ப கதைக்குது" என்றார். எனக்கோ, இவருடைய பெயர் எழுத்தில் போய்விட்டதால், அதன்பிறகு ஒவ்வொரு தபாலும் எங்களைத் திருப்பி அனுப்பும் உத்தரவாகவே தெரிந்தது. மருத்துவச் சோதனையும் முடிந்து, கோடையில் பத்திரம் வந்தது. பயம் மட்டும் போகவில்லை.

இவர் வகுப்புக்குப் போய்க் கணினி பழகினார். வீட்டுக்கும் ஒன்று வந்தது. ஒரு மத்தியானம் ஊர்ச் செய்தி போடும் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தார். தமிழ் தெரியாத அந்த இயந்திரம் எங்கள் எழுத்துகளை ஆங்கிலக் குறிகளாக உளறித் தள்ளியது.

"அதை நிப்பாட்டுங்கோவன், நான் வாசிக்கிறன்."

"இருக்கட்டும். இடையில ஊரின்ர பேர் ஏதும் வருமோ எண்டு பாக்கிறன்."

அதற்கு முதல்நாள் ஊர்ப்பக்கம் குண்டு போட்டிருந்தார்கள். கதிரையை இழுத்துப் போட்டு வாசிக்கத் தொடங்கினேன். அவருடைய ஒரு காதில் கனடாக் குரலின் உளறல், மறுகாதில் நான். என் குரலுக்கு முன்னால் என் கண்கள் ஓடின, எங்கள் ஊரின் பெயர் அந்தப் பக்கத்தில் எங்கும் இருக்கக்கூடாதென்று தேடியபடி.