நைனா ஓட்டியது ரயிலல்ல, சீதம்மா என்னும் நீராவிப் படகு

எங்கள் நைனா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், திருத்தணி மலைமேல் நிற்கும் முருகப்பெருமானை வணங்கி, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய நான் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நைனா ரயில்வேயில் வேலை பார்த்தவர் அல்லர். ஒரு நாள்கூட இல்லை. ரயிலில் அவர் ஏறியதெல்லாம் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான்.

சென்ற ஆண்டு அவரை இன்னும் வீட்டிலிருந்து எடுக்கவில்லை, அதற்குள் பேருந்து நிலையச் சுவரெல்லாம் "ஓய்வுபெற்ற ரயில்வே டிரைவர் இயற்கை எய்தினார்" என்று சுவரொட்டி. ஒட்டச் சொன்னவர் என் சித்தப்பா, நைனாவின் உடன்பிறந்த தம்பி.

"இன்னா சித்தப்பா இது?" என்று அழுகையோடு அழுகையாகக் கேட்டேன்.

"வுடும்மா. அண்ணன் நீராவி இஞ்சின் ஓட்டுனாரா இல்லியா? அரக்கோணத்துக்குப் பக்கத்துல இருந்துகினு நீராவி இஞ்சின்னு சொன்னா ரயிலுதான். ஆத்துல ஓட்டுனாருன்னு போட்டா சிரிப்பாங்க. நம்ம நந்தியாத்துல மாடு போனாகூட குளம்பு நனையறதில்ல" என்றார்.

சாவு வீட்டில் யாரோடு மல்லுக்கு நிற்பது? ஆனால் அந்த ஆத்திரம் இந்த ஒரு வருடமாக அடங்கவே இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நைனா பிறந்தது ஆர்.கே.பேட்டைப் பக்கம், ஒரு நெசவுக் குடும்பத்தில். தறிக்குழியில் காலை வைத்தாலே அவருக்கு மூச்சு முட்டுமாம். புடவை மூட்டையோடு ராஜமுந்திரிக்கு வியாபாரத்துக்குப் போன தம் மாமாவோடு ஒட்டிக்கொண்டு போனார். மாமா திரும்பி வந்தார், இவர் வரவில்லை. வீட்டிலேயே தெலுங்கு பேசி வளர்ந்தவருக்கு அங்கே என்ன கஷ்டம்? கோதாவரிக் கரையில் ஒரு நீராவிப் படகுக் கம்பெனியில் விறகு சுமக்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

அந்தக் கம்பெனியைப் பற்றிச் சொல்லாமல் நைனாவைப் பற்றிச் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள். இத்தனை வருடம் இல்லாத ரயிலை நம்பினீர்களே!

கம்பெனியைத் தொடங்கியவர் ஒரு வெள்ளைக்காரர். மலைக்காட்டிலிருந்து தேக்கும் மூங்கிலும் இறக்குவதற்காகத் தொடங்கினாராம். நாடு விடுதலை அடைந்தபின் அவர் கப்பலேறிவிட, ராஜமுந்திரிப் புளி வியாபாரி ஒருவர் அதை வாங்கினார். மொத்தம் மூன்று படகுகள். கௌதமி, சபரி என்ற இரண்டும் ஆழத் தண்ணீரில் ஓடுபவை. மூத்தவள் சீதம்மா. வெள்ளைக்காரர் காலத்தில் அவளுக்கு யாரோ துரைசானியின் பெயர் இருந்ததாம், புது முதலாளி அதை அழித்துவிட்டுச் சீதம்மா என்று எழுதினார். அவளுக்குப் பின்பக்கத்தில் ஆள் உயரத்தைவிடப் பெரிய சக்கரம் ஒன்று உண்டு. அது தண்ணீரைத் தள்ளத் தள்ளப் படகு முன்னே போகும். இடுப்பளவுத் தண்ணீர் இருந்தால் அவளுக்குப் போதும். கோடையில் மற்ற இரண்டும் துறையில் கட்டிக் கிடக்க, ராமநவமிக்குப் பத்ராசலம் போகும் கூட்டத்தையெல்லாம் சீதம்மாதான் சுமப்பாள். திரும்பி வரும்போது புளி, புகையிலை, மூங்கில். விறகு தீர்ந்தால் கரையோர ஊர்களில் நிறுத்தி ஏற்றிக்கொள்வார்கள்.

விறகு சுமந்த நைனா நெருப்புக்கு வந்தார், நெருப்பிலிருந்து இஞ்சினுக்கு வந்தார், கடைசியில் சீதம்மாவின் சாரங்கு ஆனார். படகைச் செலுத்துபவரும் அதற்கு முழுப் பொறுப்பாளரும் சாரங்குதான். அந்தக் காட்டு ஊர்களில் அப்போது ஆஸ்பத்திரி கிடையாது. காய்ச்சல்காரர்களைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு துறையில் வந்து நிற்பார்களாம். அவர்களிடம் கட்டணம் கேட்கக் கூடாது என்பது நைனா போட்ட சட்டம். முதலாளி கேட்டால், "ஏறினதை நான் பாக்கலீங்க" என்றுவிடுவார்.

நாங்கள் இங்கே அம்மாவோடு திருத்தணியில் இருந்தோம். ஆடிக் கிருத்திகைக்கு ஊரே மலையேறும்போது நைனா மட்டும் வரமாட்டார், அங்கே வெள்ளக் காலம். தை மாதம் வருவார். வந்தால் வாய் ஓயாது. சபரிக்குத் திமிர் அதிகம், கௌதமி விறகு தின்னி, சீதம்மா சொன்ன பேச்சைக் கேட்பாள். அம்மா கொதித்துப் போவார்.

"அந்தச் சீதம்மாவையே கட்டிகினு இருந்திருக்கலாமே? எனக்கு எதுக்குத் தாலி கட்டினீங்க?"

"ஆங், அதுவும் சரிதான். அவ எதுத்துப் பேசமாட்டா" என்பார் நைனா. அன்று முழுக்க அவருக்குச் சோறு ஆறித்தான் கிடைக்கும்.

அறுபதுகளில் காட்டுக்குள் சாலை போட்டார்கள். லாரி வந்தது. புளி முதலாளியும் கண்ணை மூடினார். அவர் பிள்ளைகளுக்குப் படகு என்றாலே வேப்பங்காய். கௌதமி ஒரு வெள்ளத்தில் பாறையில் மோதி உடைந்தாள், யாரும் பழுது பார்க்கவில்லை. சபரிக்கு டீசல் இஞ்சின் வைத்து விற்றார்கள். சீதம்மாவைப் பழைய இரும்புக்காரருக்குப் பேசி முடித்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஓடிய கம்பெனி, ஒரு பெயர்ப் பலகைகூட மிச்சமில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் நைனா ஒரு தகரப் பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தார். அதன்பின் படகைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அரிசி ஆலையில் பாய்லர் பார்க்கும் வேலைக்குப் போனார். "பாய்லர் வேலை தெரியுமா? ரயில்ல இருந்தீங்களா?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். இவர் "ஆங்" என்றிருக்கிறார். அந்த ஒரு "ஆங்" எங்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமா! என் மாமியார் வீட்டில் ரயில்வே சம்பந்தம் என்று பெருமை பேசினார்கள். கல்யாணமான மறுமாதமே, "உங்க நைனா பாஸ்ல எங்களையும் காசிக்குக் கூட்டிகினு போகச் சொல்லு" என்றார் மாமியார். இல்லாத பாஸுக்கு நான் எங்கே போவேன்? நைனாவிடம் வந்து கத்தினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆலைக்குப் போய்விட்டார்.

கடைசி நாட்களில் நெஞ்சில் சளி கட்டி மூச்சுக்குத் திணறினார். மருத்துவமனையில் டாக்டர் மார்பைச் சோதித்துவிட்டு, "ரயில்வேங்களா பெரியவரே? கரிப்புகை போலிருக்கே" என்றார். நைனா தலையை ஆட்டினார். பக்கத்தில் நின்ற நான் தலையில் அடித்துக்கொண்டேன். விறகுப் புகை என்று சொல்லக்கூட அவருக்கு வாய் வரவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

போன மாதம் இதை எழுத உட்கார்ந்தபோது அம்மா வந்து பக்கத்தில் நின்றார். "படகுன்னு எழுதாதே. ரயிலுன்னே இருக்கட்டும்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "ஏம்மா, நீயுமா? ஊரு தப்பா சொல்லிச்சு, சரி. உனக்கு இன்னா கேடு?"

"கத்தாதடி. அவரு வேணும்னுதான் அப்பிடிச் சொல்லிகினு இருந்தாரு. படகுன்னு சொன்னா, அந்தப் படகு இன்னா ஆச்சுன்னு கேப்பாங்க இல்ல?"

பிறகு அம்மா உட்கார்ந்து சொன்னார். அவ்வளவு பெரிய படகைத் தண்ணீரில் வைத்து வெட்ட முடியாதாம். வெள்ளம் கரையைத் தொடும் நேரம் பார்த்து, முழு வேகத்தில் ஓட்டிவந்து மேட்டில் ஏற்றிவிட வேண்டும். வெள்ளம் வடிந்தால் படகு தரையில் நிற்கும், பிறகு வெட்டிக்கொள்ளலாம். சீதம்மாவை ஏற்ற யாரும் முன்வரவில்லை. வெளியாளைக் கூட்டி வருகிறேன் என்றாராம் இரும்புக்காரர்.

"'எவனோ வந்து பாறையில மோதி அவள நொறுக்குவான். நானே ஏத்திடறேன்'னு இவரே ஏத்திட்டாரு" என்றார் அம்மா. "துறையில ஜனம் நின்னுகினு இருந்துச்சாம். எல்லாம் இவரு ஓசியில ஏத்திகினு போயி ஆஸ்பத்திரியில சேத்தவங்கதான். இவரு எறங்கி வந்தா ஒருத்தர் முகம் குடுத்துப் பேசல. ஒரு பொம்பள மட்டும், 'உன் கையாலயா?'ன்னு கேட்டுச்சாம். அதோட பொட்டியத் தூக்கிகினு வந்துட்டாரு. எங்கிட்ட ஒரே ஒரு தடவ சொன்னாரு. அப்புறம் நானும் கேக்கல."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. விற்றவர்கள் மாடி வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள், பழி ஓட்டியவர் தலையில் விழுந்தது. அந்த ஜனமாவது முதலாளி வீட்டு வாசலில் போய் அதே கேள்வியைக் கேட்டதா? நைனா, நீங்கள்தான் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நோகாமல் அவளைக் கரையேற்றியவர் நீங்கள் ஒருவர்தான். அதற்குப் போய்ப் பொய் ரயிலில் ஏறி ஒளிந்துகொண்டீர்களே! எழுதத்தான் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

நைனாவுக்கு மருத்துவம் நடந்தபோது மாற்றி மாற்றி உடனிருந்த அரிசி ஆலைத் தோழர்களுக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், பள்ளிப்பட்டிலிருந்து கிடைத்த பேருந்தைப் பிடித்து ஓடிவந்த தாய்மாமன் குடும்பத்தாருக்கும், கொள்ளி வைத்தது முதல் காரியம் முடியும்வரை ஓடியாடிய தம்பிமார்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சுவரொட்டிச் சித்தப்பாவுக்கும் நன்றி. பந்தல், சமையல் எல்லாம் அவர்தான் பார்த்தார், அதை நான் மறுக்கவில்லை.

அச்சக உரிமையாளருக்கு மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொல்கிறேன். அட்டைக்குப் படகுப் படம் கேட்டால் முதலில் ரயில் படம் செதுக்கிய அச்சு பிளாக்கைத்தான் நீட்டினார். நான் முறைத்ததும் உள்ளே போய்த் தேடி வந்தார்.

"படகு ஒண்ணே ஒண்ணு கீதும்மா. எலெக்ஷன்ல நின்ன ஒருத்தரோட சின்னம். டெபாசிட் போச்சு, மனுஷன் பிளாக்கை வாங்க வரவேயில்ல."

பார்த்தால் பாய்மரப் படகு. நீராவிப் படகுக்குப் பாய் எதற்கு? பாயை அராவி எடுக்க வைத்தேன். அந்த இடத்தில் ஓர் ஈயக் கட்டையைச் செங்குத்தாக நிறுத்திப் புகைபோக்கி ஆக்கினார். அச்சில் ஓட்டிப் பார்த்த முதல் தாளை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மறுபடியும் ரயில் என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

"புகை எங்க?" என்றார்.

"புகை வேணுமாம்மா?"

"இல்லாட்டி கரையில நிக்கிற மாதிரி இல்ல இருக்குது? புகை போடச் சொல்லு. ஓடட்டும்."