பஸ் பேயில் பி நெகட்டிவ் தேடினோம்

1. முத்துக்குமார் பஸ் ஏறவில்லை

முதல் ஷிஃப்ட் முடிந்து மண்ணூர் ரூட் பஸ் கிளம்புகிற நேரம். எல்லாரும் ஏறியாயிற்று. முத்துக்குமார் மட்டும் படிக்கட்டுக்குக் கீழே ஃபோனும் கையுமாக நிற்கிறான். ஒரகடம் பக்கம் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில் நான் அப்போது டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ். பஸ் லேட்டானால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். "பொண்டாட்டிகிட்ட பேசறத சீட்ல உக்காந்து பேசுப்பா" என்று கத்தினேன். திரும்பினான். முகம் சரியில்லை.

சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளை, வெல்ட் ஷாப்பில் வேலை. மண்ணூரில் ஒரு ரூம் எடுத்து மனைவியோடு இருந்தான். முதல் பிரசவம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள், மறுநாள் காலை ஆபரேஷன். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, ரத்தம் நிறையப் போகலாம், கையில் ரத்தம் இல்லாமல் தொடமாட்டேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாராம். பி நெகட்டிவ். சாயங்காலத்துக்குள் ஒரு ஆள் வந்து கொடுத்தால் டெஸ்ட் எல்லாம் முடித்துக் காலைக்குத் தயாராக வைக்கலாம். இல்லாவிட்டால் இன்றைக்கே சென்னைக்கு அனுப்பிவிடுவார்கள்.

"அண்ணாச்சி, அவள அசையவே கூடாதுன்னு படுக்கப் போட்டிருக்காவ. மெட்ராஸுக்கு எப்படிக் கொண்டு போவேன்?"

"நம்ம கம்பெனியில ரத்தத்துக்கா பஞ்சம்? கம்முனு இரு" என்றேன். அந்தத் தைரியத்துக்குக் காரணம் இருந்தது. அது எவ்வளவு ஓட்டைத் தைரியம் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

2. டார்கெட் வைத்து ரத்தம் கொடுத்த கதை

ஒன்றரை மாதத்துக்கு முன்னால்தான் கம்பெனியில் ரத்ததான முகாம் நடந்தது. விருப்பமுள்ளவர்கள் மட்டும் வந்தால் போதும் என்றுதான் ஹெச்.ஆர். மேடம் சொன்னார். ஆனால் எங்கள் ஜனத்துக்கு எதையும் டார்கெட் இல்லாமல் செய்யத் தெரியாது. லைனில் மணிக்கு ஒரு தடவை புரொடக்‌ஷன் எழுதுகிற போர்டு இருக்கும் இல்லையா, அதே மாதிரி ஒரு போர்டு காலையிலேயே கேன்டீன் வாசலுக்கு வந்துவிட்டது. பெயிண்ட் ஷாப் இத்தனை, வெல்ட் ஷாப் இத்தனை. மதியத்துக்குள் அது கிரிக்கெட் மேட்ச் ஆகிவிட்டது. ஜூஸ் தீர்ந்து, பிஸ்கட் தீர்ந்து, கடைசியில் ரத்தம் பிடிக்கிற பையே தீர்ந்து, வந்த டாக்டர் இன்னொரு வண்டிக்கு ஃபோன் போட்டார்.

பெயிண்ட் ஷாப் ஜெயித்தது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். "ரத்தம் குடுத்தவன் மாதிரியா கீது? ஏத்திக்கினவன் மாதிரில்ல ஆடறான்" என்றார் கேன்டீன் மாஸ்டர். அந்த ஜோக்கை இன்றைக்கும் எங்கே ரத்ததானம் நடந்தாலும் எடுத்துவிடுவேன்.

ஒரு தடவை கொடுத்தவர் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும், யாரும் யோசிக்கவில்லை. ஸ்டாக் சேர்க்காதே, தேவைக்கு மட்டும் ஓட்டு என்று தினமும் காலை மீட்டிங்கில் பாடம் கேட்கிறவர்கள்தான் நாங்கள். ரத்தத்தை மட்டும் மொத்தமாக ஒரே நாளில் ஓட்டித் தீர்த்துவிட்டோம். எடுத்த ரத்தமும் ஐந்தாறு வாரத்துக்கு மேல் தாங்காது.

3. கழுத்தில் தொங்கும் குரூப்

எங்கள் ஐ.டி. கார்டில் பெயருக்குக் கீழே பிளட் குரூப் சிவப்பில் இருக்கும். ஷிஃப்ட் மாறுகிற நேரம் என்பதால் வருகிறவர்கள், போகிறவர்கள் எல்லாரும் பஸ்கள் வரிசையாக நிற்கிற பஸ் பேயில்தான். ஆம்பளைகள் கார்டை நான் பார்த்தேன். பொம்பளைப் பிள்ளைகள் பக்கம் கஸ்தூரியை நிறுத்தினேன். மணிமங்கலத்துப் பெண், குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தாள். பழக்கதோஷத்தில் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ரிஜெக்ட், நவுரு. ரிஜெக்ட், நவுரு" என்று ஆட்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

பி நெகட்டிவ் இல்லாமல் இல்லை. கிடைத்தவர்கள் எல்லாம் ஒரே பாட்டுதான் பாடினார்கள்: முகாமில் குடுத்துட்டேண்ணே. ஒருத்தி மட்டும் கொடுக்கவில்லை, அவளுக்குக் காய்ச்சல். எந்த பஸ்ஸும் நகரவில்லை. டிரைவர்கள் ஹாரன்கூட அடிக்காமல் இறங்கி வந்து கார்டு பார்த்தார்கள். ரூம்மேட்டுக்கு, சித்தப்பா பையனுக்கு என்று ஆளாளுக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருந்தார்கள். முத்துக்குமார் யார் முகத்தையும் பார்க்காமல் பஸ் டயரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த நேரம் பெயிண்ட் ஷாப் டேவிட் வந்தான். வல்லத்து ஆள், ஜிம் உடம்பு, சட்டைக் கை வெடித்துவிடுகிற மாதிரி இருக்கும். கார்டில் பி நெகட்டிவ். "இவரு அன்னிக்கே வள்ளலாயிட்டாரு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல கையில பஞ்சோட போட்டோ பாத்தமே" என்று கஸ்தூரி அவனை ஒதுக்கினாள். அவன் பஸ்ஸில் ஏறவில்லை. என்னிடம் வந்து, "அண்ணே, கொஞ்சம் தனியா வா" என்றான்.

"நேரமில்ல, இங்கயே சொல்லு."

"நான் குடுக்கலண்ணே."

"அப்ப பஞ்சு?"

"நானே ஒட்டிக்கினேன். ஊசின்னா எனக்கு ஆவாது. பேர குடுத்துட்டு, பிஸ்கட்ட வாங்கிக்கினு அப்டியே பின்னால போய்ட்டேன்."

முதலில் கஸ்தூரி சிரிக்க ஆரம்பித்தாள், மொத்தக் கூட்டமும் சிரித்தது. அப்படியானால் கோப்பை எங்களுக்குத்தான் என்று வெல்ட் ஷாப் சண்டைக்கு வந்தது. டேவிட் தரையைப் பார்த்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முத்துக்குமார் ஓடி வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அன்னைக்கு நீங்க குடுக்காம இருந்ததுக்கு ரொம்ப நன்றிண்ணே."

இப்படி ஒரு நன்றியை என் சர்வீஸில் நான் வேறெங்கும் கேட்டதில்லை.

4. ரூட் மாறிய பஸ்

மேனேஜருக்கு ஃபோன் போட்டு, மண்ணூர் பஸ்ஸை ஆஸ்பத்திரிக்கு விடணும் என்றேன். எத்தனை பேர் என்று கேட்டார். "குடுக்கறது ஒருத்தன்தான் சார். மீதி பேர் அவன் இறங்கி ஓடிடாம பாத்துக்க வராங்க." சிரித்துவிட்டு, சரி என்றார். மண்ணூரில் இறங்க வேண்டியவர்கள் யாரும் முனகவில்லை. மணிமங்கலம் பஸ்ஸை விட்டுவிட்டுக் கஸ்தூரியும் ஏறிக்கொண்டாள்.

பிளட் பேங்க் சிஸ்டர் டோனர் யார் என்று கேட்டதும் பஸ் மொத்தமும் டேவிட் பக்கம் கை நீட்டியது. சாப்பிட்டாயிற்றா, குடித்திருக்கிறாயா, மாத்திரை ஏதாவது போட்டாயா என்று விசாரித்துப் படுக்க வைத்தார்கள். டேவிட் கண்ணை இறுக்க மூடி என் விரல்களைப் பிடித்தான். பிடித்தானா, நசுக்கினான். "எதுனா பேசிகினே இருண்ணே" என்றான். என்னைப் பேசாதே என்று சொன்னவர்கள் உண்டு. பேசிக்கொண்டே இரு என்று கேட்டவன் உலகத்தில் இவன் ஒருத்தன்தான். விடுவேனா? எந்த ரூட்டில் எந்த டிரைவர் எங்கே டீக்கு நிறுத்துவார் என்பதில் ஆரம்பித்து, படப்பை டிராஃபிக் வரை வந்துவிட்டேன்.

"எப்பண்ணே குத்துவாங்க?" என்று கேட்டான்.

"எந்திரிப்பா, முடிஞ்சிது" என்றார் சிஸ்டர்.

டேவிட் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "அவ்ளோதானா? அந்தக் கையிலயும் வேணா எடுத்துக்கோங்க சிஸ்டர்."

5. மிச்சம் இருக்கிற ஆள்

மறுநாள் காலை பெண் குழந்தை பிறந்தது. டாக்டரம்மா பயந்தபடியே ரத்தம் போயிருக்கிறது. டேவிட் கொடுத்ததை ஏற்றித்தான் தாயைக் காப்பாற்றினார்கள். முத்துக்குமார் ஃபோனில் அழுதான். ஷிஃப்டுக்கு வந்தவர்கள் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுக் கத்தின சத்தத்துக்கு செக்யூரிட்டி ஓடி வந்தார்.

அதற்கப்புறம் கம்பெனியில் போர்டு வைத்து முகாம் நடத்தவில்லை. ஹெச்.ஆர். மேடத்திடம் பேசி பஸ் ரூட் வாரியாகப் பிரித்தோம். ஒரு மாதம் மண்ணூர், அடுத்த மாதம் மணிமங்கலம். விருப்பமுள்ள நாலைந்து பேர் ரத்தம் கொடுக்கப் போவார்கள், மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை பேசாமல் இருக்க வேண்டும். ரத்தம் குறைவு என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்களுக்காக, கஸ்தூரி பஸ்ஸிலேயே முருங்கைக்கீரை அடையும் கடலை உருண்டையும் சப்ளை செய்ய ஆரம்பித்தாள். ரத்தமே கொடுக்க முடியாதவர்கள், ஆஸ்பத்திரியில் துணைக்கு நிற்கிறவர்களுக்கு டிஃபன் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதுவும் சாதாரண வேலை இல்லை. அன்றைக்கு முத்துக்குமார் முந்தின நாளிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே.

இப்போது வேலைக்குச் சேருகிற பிள்ளைகள், நல்லது செய்ய ஆசையாக இருக்கிறது, எங்கே ஆரம்பிப்பது என்று கேட்கிறார்கள். ஆசைதான் முதல், சந்தோஷம். ஆனால் எல்லாரும் ஒரே நாளில் நல்லவர்கள் ஆகிவிட வேண்டாம். கொஞ்சமாகக் கொடுங்கள், திரும்பத் திரும்பக் கொடுங்கள். உங்கள் முறை வராத அன்றைக்கு, வெட்கப்படாமல் ஓரமாக நின்று ஜூஸ் ஊற்றிக் கொடுங்கள். நாளைக்குக் கூப்பிட ஒரு ஆள் மிச்சம் இருக்கிறான் என்று எங்கேயோ ஒரு வீட்டில் நிம்மதியாகத் தூங்குவார்கள்.