சத்து என்றால் கெடுக்காதாம்

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் சுறா ஈரல் எண்ணெய் எடுக்கும் ஆலையொன்றின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. ஈரல் புன்னைக்காயல் பக்கமிருந்து வரும். காய்ச்சிய எண்ணெயில் வைட்டமின் ஏ எவ்வளவு என்று நான் பார்க்க வேண்டும். குளோரோபார்மில் கரைத்து ஆன்டிமனி குளோரைடு கரைசலை ஊற்றினால் பளிச்சென்று நீலம் வரும். வந்த வேகத்தில் மங்கியும் விடும். அதற்குள் அளந்தாக வேண்டும். பிறகு கடலை எண்ணெய் கலந்து, குடிக்கிற அளவுக்கு வீரியத்தைக் குறைப்போம்.

எங்கள் தலைமை வேதியியலாளர் ஒரு மகா மேதாவி. ஆன்டிமனி பாட்டில் தோலைப் பொசுக்கிவிடும் என்று பத்தடி தள்ளி நிற்பார். அது சரிதான். ஆனால் வைட்டமின் மட்டும் அவர் கணக்கில் ரசாயனமே இல்லை. வெளிச்சமும் காற்றும் பட்டால் கெட்டுப்போகும் சரக்கை, பொன்னிறம் அழகாயிருக்கிறதென்று வெள்ளைப் பாட்டிலில் ஊற்றி ஜன்னலில் அடுக்குவார். வருகிறவர்கள் பார்க்க வேண்டுமாம். நான் பழுப்புப் பாட்டிலுக்கு மாற்றி அலமாரிக்குள் வைப்பேன். மறுநாள் அது ஜன்னலுக்கு வந்திருக்கும்.

அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் ஒல்லி. உடம்பு தேறட்டும் என்று, கடலை எண்ணெய் கலக்காத அசல் எண்ணெயை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தினமும் ஒரு கரண்டி குடிக்கவைத்தார். கொஞ்ச நாளில் அவளுக்குத் தலைவலி, வாந்தி. உதட்டுத் தோல் உரிந்தது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மேதாவி என்ன செய்தார்? சத்து பற்றவில்லை என்று இரண்டு கரண்டியாக்கினார்.

"சார், இது தண்ணியில கரைஞ்சு வெளிய போற சத்து இல்ல. ஈரல்ல சேந்துக்கிட்டே இருக்கும். கூடிப்போனா விஷம்" என்றேன்.

"ஏம்மா, சத்து எங்கனயாவது கெடுக்குமா? நீ டிகிரிய எங்கன வாங்குன?" என்று எல்லாரும் சிரிக்கும்படி கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த அறிவுக்கு ஒரு நாற்காலி, அதற்கு மேலே ஒரு மின்விசிறி! அவர் வீட்டுப் பாட்டிலை நிரப்பித் தருவது என் வேலை. அன்றிலிருந்து வெறும் கடலை எண்ணெயை ஊற்றிக் கொடுத்தேன்.

பெண்ணுக்குத் தலைவலி நின்றது. முகம் தெளிந்தது. கல்யாணமும் கூடிவந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியாம்மா, ரெண்டு கரண்டி என்ன வேலை செஞ்சிருக்கு!" புகுந்த வீட்டுக்கும் மாதாமாதம் அனுப்பப் போவதாகச் சொன்னார். நான் வேலை மாறிப் போனால் அந்தப் பாட்டிலில் அசல் எண்ணெய் அல்லவா போகும்?

பத்திரிகை கொடுக்க வந்த பெண்ணைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"எனக்கு அப்பமே தெரியும்க்கா. மீன் நாத்தம் இல்லாத சுறா எண்ணெ எங்க இருக்கு? இனி அது வந்தா நான் தொடவே மாட்டேன். ஆனா அப்பாதான் தெனமும் கரண்டியில ஊத்தி, மோந்து பாத்து, அசல் சரக்குன்னு சொல்லித் தந்தாவ."