கனடா போகாத நேசமலர்

நேசமலர் என்ன வேலை செய்கிறாள் என்று செட்டிகுளத்தில் கேட்டால், பதில் யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தகப்பன் சிற்றம்பலம் "ஆஸ்பத்திரிப் பக்கம்" என்பார். எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டார். அயலவர்கள் "தூள்காரரோட திரியிற வேலை" என்பார்கள். வவுனியா அலுவலகம் கொடுத்த அடையாள அட்டையில் "சமூக மட்டப் பாதிப்புக் குறைப்பு வெளிக்களப் பணியாளர்" என்று இருக்கிறது. வீதிச் சோதனையில் நிற்கும் பொலிஸாரில் அதை வாசித்து முடிப்பதற்குள் களைத்துப்போய் "போங்கோ, போங்கோ" என்றவர்களே அதிகம்.

சண்டை முடிந்து அகதி முகாமிலிருந்து வெளியே வந்த நாளிலிருந்து அவளுடைய உத்தியோகம் சனங்களுக்குக் கவனம் சொல்வதுதான். முதலில் மிதிவெடி. பிறகு கிணற்றுக்குக் குளோரின். பிறகு டெங்கு. திட்டங்களுக்குக் காசு வருகிற திசை மாற மாற ஆபத்தும் மாறியது; நேசமலர் மாறவில்லை. இத்தனைக்கும் அவள் ஸ்கூட்டியின் ஸ்டாண்டைத் தட்டாமலே ஓடுகிறவள். வழிநெடுக ஊர்ச்சனம்தான் "பிள்ளை, ஸ்டாண்ட்" என்று அவளுக்குக் கவனம் சொல்லவேண்டியிருக்கும்.

மிதிவெடிக் காலத்திலேயே அவளுக்கு ஒன்று விளங்கிவிட்டது. காட்டுக்குள் போகாதேங்கோ என்று பலகை நட்டால், சனம் பலகையை வாசித்துவிட்டுக் காட்டுக்குள் போகும். அடுப்புக்கு விறகு வேண்டும். ஆகவே போகிறவனுக்கு எதைத் தொடக்கூடாது, ஒருவன் விழுந்தால் மற்றவன் என்ன செய்யவேண்டும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இப்போது தூள், ஐஸ் என்று போதைப்பொருள் பாவிக்கிறவர்களுக்கு அவள் சொல்வதும் ஏறக்குறைய அதேதான். தனிய இருந்து பாவிக்காதேங்கோ. ஒருத்தற்ர ஊசியை மற்றவர் எடுக்காதேங்கோ. ஆள் மயங்கினால் சரிச்சுப் படுக்கவையுங்கோ, விட்டிட்டு ஓடாமல் 1990 அம்புலன்சுக்கு அடிச்சுப்போட்டு எனக்கும் அடியுங்கோ. புண்ணுக்கு மருந்து கட்டுவாள், வயிற்றோட்டத்துக்கு ஜீவனி கரைத்துக் கொடுப்பாள், விடாமல் இருமுகிறவனைச் சளிப் பரிசோதனைக்கு ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு போவாள். அவர்களைப் "பாவிக்கிறவை" என்றுதான் சொல்லவேண்டும் என்பதில் கண்டிப்பு. கோயில் தலைவர் ஒருமுறை "உந்தப் பாவியள்..." என்று தொடங்க, "பாவிக்கிறவை எண்டு முழுசாச் சொல்லுங்கோ ஐயா" என்று அடக்கமாகத் திருத்தினாள். அன்றிலிருந்து அவர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

சந்தியில் ஜவ்பரின் தேத்தண்ணிக் கடைக்கு எதிரே ஒரு மதகு. அதில் பகலெல்லாம் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் மாயாண்டி, ஒருகாலத்தில் உழவு இயந்திரம் ஓடினவர், நேசமலரைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் அவளை அக்கா என்பார். அவளும் அவரை அண்ணை என்பாள். மற்றவன் கதிர்காமநாதன், பெயர் நீளம், ஆள் ஒல்லி. இரண்டு பேருக்கும் உலகத்தில் பயம் ஒன்றுதான்: சிவில் உடுப்பில் வரும் பொலிஸ்.

நேசமலருக்குக் கலியாணம் பேச்சு வந்தது இந்த ஆவணியில். முப்பதைத் தாண்டி வெகுதூரம் வந்தபிறகு வருகிற பேச்சை வீட்டில் சத்தம்போடாமல்தான் வரவேற்பார்கள், சத்தம் கேட்டால் பறந்துவிடும் என்பதுபோல. மாப்பிள்ளை தயாபரன், துணுக்காயில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன். தரகர் அவளை "சுகாதாரப் பகுதி உத்தியோகம்" என்று சொல்லி வைத்திருந்தார். முதல்முறை தயாபரன் தொலைபேசியில் கதைத்தபோதே உண்மையைச் சொல்லிவிட அவள் வாயெடுத்தாள். அதற்குள் அவன், பின்னணியில் உறுமிய ஸ்கூட்டியைக் கேட்டுவிட்டு, "உந்த பெல்ட் போகப்போகுது, மாத்துங்கோ" என்றான். இதுவரை வந்த மாப்பிள்ளைமார் அவளுடைய சம்பளத்தைக் கேட்டிருக்கிறார்கள், சாதகத்தைக் கேட்டிருக்கிறார்கள். அவளுடைய ஸ்கூட்டியைக் காதுகொடுத்துக் கேட்டவன் இவன்தான். அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. பிடித்தபடியால் உண்மையைச் சொல்லப் பயம் வந்தது. ஊருக்கெல்லாம் கவனம் சொல்கிறவள் அடுத்தமுறை, அடுத்தமுறை என்று தள்ளிக்கொண்டே போனாள்.

பெண் பார்க்க வருமுன் ஊருக்குள் சத்தமில்லாமல் விசாரிப்பது வன்னியில் எழுதாத சட்டம். விசாரிக்கிற இடம் சந்தி. சந்தி என்றால் தேத்தண்ணிக் கடை. தயாபரனின் தமக்கை விமலேஸ்வரியும் அவளுடைய புருசனும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியது வெள்ளிக்கிழமை மத்தியானம். ஜவ்பர் கடையைச் சாத்திவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். சந்தியில் விசாரிக்கக்கூடிய நிலையில் இருந்தவர்கள் மதகில் இருந்த இரண்டு பேர்தான். எவ்வளவுதூரம் அந்த நிலையில் இருந்தார்கள் என்பது வேறு விசயம்.

மாயாண்டி முதலில் பார்த்தது புருசனின் காலை. சப்பாத்து, அதுவும் மினுக்கின கறுப்புச் சப்பாத்து. அந்த வெயிலில், அந்தப் புழுதியில், காற்சட்டைக்குள் சேட்டையும் விட்டு, கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நிற்கிறவன் வேறு யாராக இருக்கமுடியும்? கூட வந்த பொம்பிளை, தாங்கள் பால்மாடு பார்க்க வந்ததாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, கைத்தொலைபேசியை நீட்டி ஒரு படம் காட்டினாள். படத்தில் இருந்தது மாடு அல்ல, நேசமலர்.

இந்தப் பிள்ளையின் வீடு எது, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறது, யார் யாரோடு பழக்கம், ஏதாவது பிரச்சினையில் பெயர் அடிபட்டிருக்கிறதா என்று விமலேஸ்வரி ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். கலியாண விசாரணைக்கும் பொலிஸ் விசாரணைக்கும் கேள்விகள் ஒன்றுதான் என்பதை அதுவரை எவரும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

மாயாண்டி படத்தைக் கிட்டவும் எட்டவும் பிடித்துப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு முகத்தை இந்தப் பக்கம் கண்டதேயில்லை என்றார். அதோடு நின்றிருந்தால் காரியம் இவ்வளவு கெட்டிருக்காது. விசுவாசம் மிகுந்த கதிர்காமநாதன் குறுக்கே விழுந்தான்.

"உது சிற்றம்பலத்தாற்ர மகளெல்லோ. அவா கனடா போயிட்டா."

"எப்ப போனவா?" என்றாள் விமலேஸ்வரி.

"அது கனகாலம்," என்றார் மாயாண்டி, சற்றுமுன் தான் அவளைக் கண்டதேயில்லை என்று சொன்னதை மறந்து. "அங்கையே கலியாணம் முடிச்சு ரெண்டு பிள்ளையளும். மூத்தது பெட்டை."

விமலேஸ்வரி படத்தையும் அவர்களையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு மோட்டார் சைக்கிளில் ஏறினாள்.

பின்னேரம் தரகர் தொலைபேசியில் சிற்றம்பலத்தைப் பிடித்தார். கலியாணம் முடித்த பிள்ளைக்குக் கலியாணம் பேசச் சொல்லித் தன்னை அவமானப்படுத்திவிட்டீர்களே என்று சத்தம்போட்டார். கனடாவில் இருக்கவேண்டிய மகள் குசினியில் நின்று புட்டுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். சிற்றம்பலம் அவளை எட்டிப்பார்த்துவிட்டு, தரகரிடம் மெதுவாக, "இல்லை, இங்கதான் நிக்கிறா," என்றார். தரகர் நம்பவில்லை.

கனடாக் கதை மதகில் பிறந்தது என்று கேட்டதும் நேசமலர் தேங்காய்ப்பூவும் கையுமாகச் சந்திக்குப் போனாள். மதகில் இருந்த இரண்டு பேரும் எழும்பி நின்றார்கள். பதக்கம் வாங்கப்போகிற முகம். சிவில்காரர் வந்ததையும், தாங்கள் அசையாமல் நின்றதையும், அவளைக் காட்டிக்கொடுக்காமல் கனடாவுக்கு அனுப்பியதையும் ஆளுக்கொரு பாதியாகச் சொன்னார்கள். வந்தவர்கள் துணுக்காய் மாப்பிள்ளை வீட்டார் என்று அவள் சொன்னதும், கதிர்காமநாதன் மதகிலேயே குந்திவிட்டான்.

அவள் கோபிக்கத்தான் வாயைத் திறந்தாள். வந்தது சிரிப்பு. மூத்தது பெட்டை என்றதை நினைக்க நினைக்க அது அடங்குவதாக இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மதகுச் சுவரில் சாய்ந்தாள், தலை சுற்றியது. மாயாண்டி பதறிப்போய், "அக்காவைச் சரிச்சுப் படுக்கவையடா" என்று கத்த, அவள் இன்னும் சிரித்தாள்.

சிரிப்பு வடிந்தபோது நிலைமை தெளிவாக இருந்தது. பொய்யைத் திருத்தவேண்டுமானால் அதைச் சொன்னவர்கள் யார், ஏன் சொன்னார்கள் என்று சொல்லவேண்டும். அதைச் சொன்னால் தன் வேலை முழுவதையும் சொன்னதாகும். சொல்லாவிட்டால் தயாபரன் இல்லை. சொன்னாலும் அனேகமாக இல்லை. ஆனால் சிரித்த சிரிப்பில் பயம் எங்கோ தவறிப்போய்விட்டது. அந்த இடத்திலேயே, தேங்காய்ப்பூ ஒட்டிய விரலால், பெண்வீட்டுக்காரி செய்யக்கூடாததைச் செய்தாள். தானாகவே மாப்பிள்ளைக்கு அழைப்பெடுத்தாள்.

ஒன்றும் மறைக்கவில்லை. தூள், ஊசி, மதகு, மாயாண்டி, கடைசியாகச் சப்பாத்து. மறுமுனையில் விக்கல்மாதிரி ஒன்று கேட்டது. அழுகிறானாக்கும் என்று அவள் பயந்துபோனாள்.

"உங்கட ஆக்களில பிழையில்லை," என்றான் தயாபரன், சிரிப்பில் மூச்சு வாங்கிக்கொண்டு. "அத்தான் முதல்முதல் உந்தச் சப்பாத்தோட அக்காவைப் பாக்க எங்கட வீட்டை வரேக்க, நானும் பின்கதவால ஓடினனான்."

அப்போதுதான், பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த விமலேஸ்வரி தொலைபேசியைப் பறித்தாள். குரல் துணுக்காயிலிருந்து தொலைபேசி இல்லாமலே கேட்டிருக்கும்.

"பிள்ளை, நான் தம்பிக்காக எத்தனையோ சந்தியில விசாரிச்சனான். எல்லாச் சந்தியிலயும் ஒரு தேத்தண்ணி குடிச்சு முடியமுன்னம் பிள்ளையைப் பற்றி நாலு குறை சொல்லிப்போடுவினம். அதுவும் சொந்தக்காரர். உம்மை மட்டும்தான் ஒருத்தரும் காட்டிக்குடுக்கேல்லை. அப்பிடி என்ன செய்தனீர் அவைக்கு?"

நேசமலர் யோசித்தாள். மருந்து கட்டியதையோ ஸ்கூட்டியில் ஏற்றியதையோ சொல்லத் தோன்றவில்லை.

"எப்ப விடுவியள் எண்டு மட்டும் நான் அவையிட்டக் கேக்கிறேல்லை, அக்கா. எல்லாரும் கேக்கிறது அதைத்தானே."

மதகில் இருந்த இரண்டு பேரும் தொலைபேசிப் பக்கம் காதைச் சாய்த்தார்கள்.

"கலியாணத்துக்குப் பிறகு உந்த வேலையை எப்ப விடுவீர் எண்டு கேக்கத்தான் போனை வாங்கினனான்," என்றாள் விமலேஸ்வரி. "இனி அதை எப்பிடிக் கேக்கிறது? சரி. ஞாயிற்றுக்கிழமை முறையா வாறம். உம்மட அப்பாவிட்டச் சொல்லும்."

நேசமலர் தொலைபேசியை வைத்தபோது அதன்மேல் முழுக்கத் தேங்காய்ப்பூ. என்ன நடந்தது என்று மாயாண்டி கண்ணாலே கேட்டார். சொன்னாள். கதிர்காமநாதன் விசிலடித்தான், பள்ளிவாசலால் வந்து கடை திறந்திருந்த ஜவ்பர், என்ன ஏது என்று தெரியாமலே எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். நேசமலருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. ஒரு சொட்டும் குடிக்காதவள், ஒன்றும் பாவிக்காதவள், அந்தச் சந்தியிலேயே அதிகம் வெறியேறின ஆளாக அன்று அவள்தான் இருந்தாள்.

மாயாண்டி மட்டும் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு எதையோ கணக்குப் பார்த்தார்.

"அக்கா, கலியாணத்துக்கு எங்களுக்கும் சொல்லுவியளோ?"

"சொல்லாமல்?"

"அப்ப அண்டைக்கு ஒருநாள் மட்டும் பாவிக்காமல் வாறம். உங்கட மரியாதைக்கு."

"பாவிச்சாலும் வாங்கோ, மாயாண்டி அண்ணை," என்றாள் நேசமலர். "பந்தியில இருந்து வடிவாச் சாப்பிட்டிட்டுத்தான் போகோணும்."