கடலடியிலிருந்து வந்த ரோசாப்பூ

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் கணவர் எனக்கென்று கொண்டுவந்த முதல் பூ, கடலுக்கு அடியிலிருந்து வந்தது. மூழ்கிக் கடலட்டை பிடிப்பது அவருடைய தொழில். அன்று மத்தியானம் வாளி நிறையக் கடல்தண்ணீரோடு வந்து நின்றார்.

"முருகைக்கல் பாறையிலை ஒட்டியிருந்தது. ரோசாப்பூ மாதிரி இல்லையோ?"

இதழுக்கு மேல் இதழாகச் சுருண்டிருந்த இரத்தச் சிவப்பு நாடா. கணவரின் அம்மா, என் மாமி, அதைத் தண்ணீரோடு கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்து மாதா சுரூபத்துக்கு முன்னால் வைத்தார். "மாதா கடலிலையிருந்து பூ அனுப்பியிருக்கிறா. மன்றாடு, பிள்ளை" என்றார்.

எதற்கு மன்றாட்டு என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. மடு மாதா கோயிலுக்கு நேர்த்தி வைத்து நடந்தவள் நான். சோறு விட்டு ஒருசந்தி நோன்பு இருப்பவள் நான். ஆஸ்பத்திரியில் சோதித்து, என்னில் குறை இல்லை என்று கேட்டு வந்தவளும் நான்தான். அடுத்த முறை கணவரையும் கூட்டிவரச் சொன்னார்கள். அன்றைக்கு அவர் கடலுக்குப் போய்விட்டார். மாமிக்கு இந்தக் கதையே தெரியாது. கணவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அது பூவல்ல என்று கண்டவுடனேயே தெரிந்துவிட்டது. ஓடில்லாத பெரிய கடல் நத்தை ஒன்றின் முட்டைச் சுருள் அது. அந்த நத்தை முழங்கை நீளத்துக்கும் வளரும். பகலில் முருகைக்கல் இடுக்கில் ஒளிந்து கிடக்கும், கடற்பஞ்சைத் தின்னும். சீண்டினால் சுருட்டி வைத்த சிவப்பு ஓரத்தை விரித்து, பாவாடை சுழன்றது போல நீந்திப் போய்விடும். பஞ்சிலிருந்து எடுத்த நஞ்சை முட்டைக்கும் ஏற்றி வைப்பதால் மீன்களும் லேசில் வாய் வைக்காது. பிறக்க முதலே பிள்ளைகளுக்குக் காவல்.

அந்தச் சுருளில் எத்தனை முட்டைகள் என்று எண்ணவே முடியாது. எனக்கு வயிறு எரிந்தது. ஒரு நத்தையைப் பார்த்து வயிறெரிகிற நிலைக்கு வந்துவிட்டேனே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்டும் எரிச்சல் அடங்கவில்லை.

"வாய்விட்டுக் கேள், பிள்ளை" என்று மாமி திரும்பவும் சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"இது பூ இல்லை, மாமி. நத்தையின்ரை முட்டை."

மாமி சிலுவை போட்டுக்கொண்டார். "அப்ப இதின்ரை தாய் எங்கை?"

"தாய் எண்டு தனியா ஒண்டு இல்லை, மாமி. ஒவ்வொண்டும் ஆணும்தான், பெண்ணும்தான். ரெண்டு சேர்ந்தால் ரெண்டும் முட்டையிடும்."

சொல்லும்போதுதான் விளங்கியது, என் பொறாமை முட்டைகளில் இல்லை, இதில்தான். யாரில் குறை என்று ஒருத்தியை மட்டும் பார்ப்பதற்கு அந்தப் பாறையடியில் வழியே இல்லை. அதை நான் வாய் திறந்து சொல்லவில்லை.

கேட்டுக்கொண்டு நின்ற கணவர் வந்து கிண்ணத்தைக் கையில் எடுத்தார். "கடலிலை கொண்டுபோய் விட்டிட்டு வாறன்" என்று வாசல் வரை போனவர் அங்கேயே நின்றுவிட்டார். பிறகு எங்கள் இருவரையும் பார்க்காமல் சொன்னார்.

"அம்மா, ஆஸ்பத்திரியிலை என்னையும் வரச் சொன்னவை. நான்தான் போகேல்லை."

மாமி கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"எப்ப போறாய்?" என்று மகனைப் பார்த்துக் கேட்டார்.

அந்தக் குரலில் அவர் இதுவரை என்னிடம் மட்டும்தான் கேள்வி கேட்டிருக்கிறார்.