தண்ணீர் வராத தெரு

எங்கள் தெருவுக்குப் பின்னால் போட்ட புதிய ரோட்டைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வாசற்படியைவிட இடுப்பளவு உயரத்துக்கு மண் கொட்டி, மேலே தார் ஊற்றிவிட்டுப் போனார்கள். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் போகிற கால்வாய் அந்த ரோட்டைத்தான் கடக்க வேண்டும். அதற்கு அடியில் வைத்திருப்பது ஒரே ஒரு சிமென்ட் குழாய். ஆட்டுக்குட்டி நுழைந்தால் திரும்பி வர இடமிருக்காது.

அதை வைத்தது யார் என்று கேட்டால், நானும்தான் என்று சொல்ல வேண்டும். அதுதான் வயிற்றெரிச்சல்.

ரோடு வேலை தொடங்கும் முன் சர்வே எடுக்க ஒரு பெண் வந்தாள். வீட்டுக்கு வீடு ஒரே கேள்வி: "மழைக்காலத்துல தண்ணி எவ்ளோ உயரம் வரும்?" எதற்குக் கேட்கிறாள் என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் எல்லாம் குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்கிறோம். வெள்ளம் வந்தால் முதலில் நிரம்புவது அந்தக் குழி. ஈரம் ஏறினால் பட்டு பிசுபிசுக்கும், ஜரிகை கறுக்கும். ஈர வீடு என்று பேர் வாங்கிவிட்டால் எந்த முதலாளியும் நெய்யப் பாவு நூல் தரமாட்டார். அதனால் முழங்கால் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, சொட்டு வரவில்லை என்று சாதிப்பது எங்கள் வழக்கம். அன்றைக்குப் பார்த்து எங்கள் முதலாளி வேறு பைக்கில் தெருமுனையில் நின்றார்.

"எங்க தெருவுல தண்ணியே வராதும்மா. வேணும்னா குழியைப் பாருங்க, காஞ்சி கெடக்குது" என்றேன். எழுதிக்கொண்டாள், கையெழுத்து வாங்கினாள். தெரு முழுக்க அதே பதில்.

ரோடு போட்ட வருஷமே ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. கால்வாய்த் தண்ணீர் ரோட்டில் முட்டித் திரும்பி எங்கள் வீடுகளுக்குள் வந்தது. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் ஓடிப்போய்ப் பார்த்தால் குழி நிரம்பி, தறி பாதி முழுகிவிட்டது. பாதி நெய்திருந்த கல்யாணப் புடவையைப் பாவோடு அறுத்துத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நின்றோம். நான் அழவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

தெருவே மனு எழுதிக்கொண்டு ரோடு ஆபீசுக்குப் போனோம். இன்ஜினியர் ஃபைலைத் திறந்தார்.

"நீங்கதானம்மா தண்ணி வராதுன்னு கையெழுத்து போட்டிருக்கீங்க?"

"நான் சொன்னா ஆச்சா? கால்வாய் கண்ணு எதுருக்க ஓடிகினு கீதே, அதை யாருமே வந்து பார்க்கலியா சார்?"

அவர் ஃபைலை மூடினார். மறுபடி அளக்கிறோம், பெரிய பாலம் வைக்கலாமா என்று பார்க்கலாம், இந்தத் தடவையாவது உண்மையைச் சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

அளக்க அவரே வந்தார். எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ, முதலாளியும் வந்து கூட நின்றார். முதலில் எதிர்வீட்டு அக்கா. வெள்ளம் ஏறிய கறையின்மேல் முந்தின நாளே சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தாள். "எங்க வூட்டுக்கு வரலீங்க" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். அடுத்த வீடும் வரலீங்க. அதற்கடுத்த வீடும் வரலீங்க. மனுவில் கையெழுத்துப் போட்ட அதே கைகள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்ஜினியரை உள்ளே கூப்பிட்டுச் சுவரில் கையை வைத்தேன். "இது வரைக்கும் வந்துச்சு சார். இவங்க எல்லார் வூட்டுக்கும்தான் வந்துச்சு." முதலாளி பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

இன்ஜினியர் அளந்து முடித்துப் பேனாவை மூடினார். "ஒரு வூட்டுக்கு வந்துச்சுன்னு பாலம் வைக்க முடியாதும்மா. முடிஞ்சா உங்க தரையைக் கொஞ்சம் ஏத்திக்குங்க."

எங்களுக்கு வரவேண்டிய அடுத்த பாவு எதிர்வீட்டுக்குப் போனது. அக்காவின் குழி இன்னும் காயவில்லை. அது முதலாளிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவர் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வருகிறது.